குதிரையின் வேலையைச் செல்கள் செய்யுமா?

பாம்புக்கடிக்கு மனித எதிர்ப்பொருள் ஆய்வுக்கூடத்தில் பிறந்துவிட்டது. சித்தூர் விவசாயிக்கு அது கிடைக்க இன்னும் நாளாகும்

சித்தூரின் வேர்க்கடலை வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், அவர் பிழைக்க மூன்று தரப்பின் உழைப்பு தேவை. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுக்கும் இருளர்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாக உடலில் ஏற்றுக்கொள்ளும் குதிரைகள். திருப்பதி ரூயா மருத்துவமனை போன்ற இடங்களில் மருந்தைச் செலுத்தும் டாக்டர்கள்.

நூறாண்டுக்கு மேலாக முறை மாறவில்லை. விஷம் ஏறிய குதிரையின் ரத்தத்தில் ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருள் உருவாகிறது. அதைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து. உயிர் காக்கும் மருந்துதான், ஆனால் குதிரையின் புரதத்தை மனித உடல் அந்நியமாகவே பார்க்கிறது. சிலருக்கு அரிப்பு, காய்ச்சல். சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. இந்தப் பயத்தாலும் சின்ன சுகாதார நிலையங்கள் நோயாளியைப் பெரிய ஊருக்கு அனுப்பிவிடுகின்றன. போகும் வழியில் நேரம் கரைகிறது.

விளைவு சாதாரணமானதல்ல. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடிக்குப் பலியானதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் ஆந்திராவும் ஒன்று.

குதிரை இல்லாமல் முடியாதா? 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் வழி காட்டினார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் செல்லை, சாகாமல் பெருகும் புற்றுநோய் செல்லோடு இணைத்தார்கள். கலப்புச் செல் ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரந்தது. 1984இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் எலியின் பொருளும் மனிதனுக்கு அந்நியமே. மனித எதிர்ப்பொருளையே உருவாக்கும் உத்திகள் பிறகு வந்தன.

சித்தூருக்கு மேற்கே பெங்களூரில் அதுதான் நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் 2024 பிப்ரவரியில் '95மேட்5' என்ற எதிர்ப்பொருளை அறிவித்தன. ஈஸ்ட் செல்களின் மேல் ஒட்டவைத்த ஏராளமான மனித எதிர்ப்பொருள்களைச் சலித்துத் தேர்ந்தெடுத்தது இது. மனித செல்களை வளர்த்தே இதைத் தயாரிக்கலாம், குதிரை வேண்டாம். ராஜநாகம், ஆப்பிரிக்காவின் கறுப்பு மாம்பா ஆகியவற்றின் விஷத்திலிருந்தும் எலிகளை அது காத்தது. விஷம் ஏறி 20 நிமிடம் கழித்துக் கொடுத்தபோதும் பலன் இருந்தது.

அதற்காகக் குதிரைகளை இப்போதே அவிழ்த்து விட முடியாது. நரம்பை முடக்கும் ஒரு நச்சுக் குடும்பத்தை மட்டுமே 95மேட்5 தடுக்கிறது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தைக் குலைக்கும் வேறு ரகம். எல்லாவற்றுக்கும் சேர்த்து எதிர்ப்பொருள் கலவை தயாராக வேண்டும். பிறகு மனிதர்களிடம் சோதனை.

அதுவரை சித்தூர் விவசாயியின் உயிருக்குக் குதிரைதான் உத்தரவாதம். அதுவும், அந்த மருந்தும் அதைத் தயங்காமல் போடும் டாக்டரும் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே இருந்தால்.