திருப்பி அனுப்பிய பூனை

தென்கிழக்கு ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரக்பூரில் ஆரம்பித்த வாழ்க்கை, லேக் மார்க்கெட் பக்கத்து மூன்றாம் மாடி ஃபிளாட்டில் வந்து நின்றிருக்கிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். "வீட்டில் சத்தமே இல்லைங்க, ஒரு ஜீவனாவது வேண்டும்" என்று என் மனைவி சொல்லிச் சொல்லி, போன வருடம் ஒரு பிராணிகள் காப்பகத்திலிருந்து பூனை ஒன்றைத் தத்து எடுத்தோம்.

நம் ஊரில் பூனை என்றால் சகுனத் தடை. வங்காளத்திலோ, குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கே அது வாகனம். ஆகவே அக்கம்பக்கத்தாரிடமிருந்து எதிர்ப்பு ஏதுமில்லை. இரண்டு வயது ஆண் பூனை, கருத்தடை ஆனது. காப்பகத்தில் வைத்த பெயர் மிண்ட்டு.

வந்த அன்றே மிண்ட்டு இரும்பு பீரோவுக்கு அடியில் போய்ப் புகுந்து கொண்டது. நான்கு நாள் ராத்திரியில் மட்டும் வெளியே வந்து சாப்பிட்டது. ஐந்தாம் நாளிலிருந்து தொல்லை ஆரம்பம். மணல் தட்டை விட்டுவிட்டுப் பூஜை அறைப் பாயில் சிறுநீர் கழித்தது. அடுத்து எங்கள் படுக்கையில். ஆசையாகத் தடவிக் கொடுத்த என் மனைவியின் கையைக் கடித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஓயாமல் கத்தியது. நானும் தினம் பினாயில் ஊற்றி வீட்டையும் மணல் தட்டையும் கழுவினேன். கழுவக் கழுவ அது இன்னும் புதுப்புது இடமாகத் தேடியது.

இருபதாம் நாள் என் பொறுமை போயிற்று. கூடையில் போட்டு டாக்சியில் ஏற்றிக் காப்பகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில், "குணம் சரியில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வீடு திரும்பியபோது மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அதன் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். அன்று ராத்திரி எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஒரு வாரம் கழித்துக் காப்பகத்துப் பெண் போன் செய்தாள். "காக்கு, மிண்ட்டுவுக்குக் குணக்கேடு இல்லை. சிறுநீர்ப்பையில் வீக்கம். டாக்டர் பரிசோதனை செய்து மருந்து கொடுத்திருக்கிறார்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கினால், ரயிலே வராவிட்டாலும் சிக்னல் சிவப்புக்கு வந்துவிடும். அதற்காகச் சிக்னல் கம்பத்தைப் பிடுங்கி எறிந்தோமா? கோளாறு எங்கே என்று நள்ளிரவில் டார்ச் லைட்டோடு நடந்து தேடினோம். முப்பத்தைந்து வருடம் செய்த அந்த வேலையை, ஒரு வாயில்லா ஜீவனுக்கு இருபது நாள் செய்ய எனக்குத் தோன்றவில்லையே!

மறுநாள் காப்பகத்துக்குப் போனேன். மருத்துவர் விவரமாக விளக்கினார். இடம் மாறும் பூனைக்கு மனக்கலக்கத்தாலேயே சிறுநீர்ப்பையில் வீக்கம் வருவதுண்டாம். தட்டில் உட்காரும்போது வலித்தால், வலிக்குக் காரணம் தட்டுதான் என்று நினைத்து வேறு இடம் தேடும். எங்கள் வீட்டில் தட்டு இருந்ததோ, வாஷிங் மெஷின் உறுமும் மூலையில். பினாயிலோ, அதற்கு ஆகாத வாடை மட்டுமல்ல, விஷமும்கூட. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. பாதத்தை நக்கும்போது அது உள்ளே போய்விடும்.

கடித்ததற்கும் காரணம் இருந்தது. வால் நுனி துடிப்பதும் காது பின்னால் மடங்குவதும் "போதும்" என்பதற்கு அடையாளம். அதைப் பார்க்காமல் தடவிக் கொண்டே இருந்தால் பல் பதியும்.

மிண்ட்டுவைத் திரும்பக் கேட்டபோது அந்தப் பெண் உடனே சம்மதிக்கவில்லை. "இன்னொரு தடவை திரும்பி வந்தால் அது யாரையுமே நம்பாது காக்கு" என்றாள். அதில் நியாயம் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போய் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தோம். மூன்றாம் முறை அது தானாக வந்து மனைவியின் புடவைத் தலைப்பை முகர்ந்து பார்த்தது. அதன் பிறகே அனுப்பினார்கள்.

இந்தத் தடவை முதல் இரண்டு வாரம் ஒரே அறையில் வைத்தோம். பூனை ஒன்றுதான், தட்டு இரண்டு. பூனைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரு தட்டு கூடுதலாக வேண்டும் என்பது கணக்கு. இரண்டும் சத்தமில்லாத இடத்தில். பினாயிலுக்கு வீட்டில் இடமில்லை. கறை பட்ட இடத்துக்கு என்சைம் கலந்த திரவம், தட்டுக்குச் சாதாரண சோப்பு. தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும் என்பதால் ஈரமான உணவு. பால் கிடையாது, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் கயிற்றை இழுத்து விளையாட்டுக் காட்டினால், விடியும் வரை தூக்கம்.

அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆண் பூனை தட்டில் முக்கிக் கொண்டே இருந்து சிறுநீர் வரவில்லையென்றால், அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். அடைப்பு ஏற்பட்டால் இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்து. அடுத்தது, எவ்வளவு முயன்றும் வளர்க்க முடியாவிட்டால் காப்பகத்தில் கொடுப்பது குற்றமில்லை. மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவதுதான் தவறு. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் இல்லை. பாவக் கணக்கு வேறு.

ஜப்பானில் கிஷி என்ற சிறிய ரயில் நிலையத்தில், 2007இல் தாமா என்ற பூனையை ஸ்டேஷன் மாஸ்டராகவே நியமித்து, தலையில் தொப்பியும் வைத்தார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் வந்ததாம். எங்கள் மிண்ட்டுவுக்கு அவ்வளவு பெரிய உத்தியோகம் இல்லை. காலையில் நான் காபி குடிக்கும்போது ஜன்னலில் உட்கார்ந்து டிராம் பாதையை மேற்பார்வை பார்க்கிறது. கவிழ்த்து வைத்த கிண்ணத்தை என் மனைவி மறுபடி நிமிர்த்தி வைத்து எட்டு மாதம் ஆகிறது.