உச்சிக்குழிக்குள் ஒரு கணக்கு

பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது பெரும்பாலும் பாட்டிமார் வேலை. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, உச்சியில் எண்ணெய் வைக்கும்போது விரலுக்கடியில் தோல் மெல்லத் துடிக்கும். அது நாடித்துடிப்புதான். உச்சிக்குழி எனப்படும் அந்த இடத்தில் எலும்பு கிடையாது, உறுதியான சவ்வு மட்டுமே.

பிறந்த குழந்தையின் மண்டை ஒரே ஓடு அல்ல. நெற்றியில் இரண்டு, உச்சியின் இருபுறமும் இரண்டு, பிடரியில் ஒன்று எனத் தனித்தனித் தகடுகள். பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச்சுற்றளவு, முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 46 ஆகிவிடும். மூளை உள்ளிருந்து தள்ளத் தள்ள, தகடுகளின் ஓரங்களில் புது எலும்பு படிகிறது. பின்பக்கக் குழி இரண்டு மூன்று மாதங்களிலும், முன்பக்கக் குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்ளும் மூடும்.

எலும்பு எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? இதற்கான விடைக்கு வழிகாட்டியவர் மருத்துவரல்ல, கணித மேதை ஆலன் டியூரிங். இரண்டு வேதிப்பொருள்கள், ஒன்று தூண்டுவது, மற்றது தடுப்பது. தடுப்பது வேகமாகப் பரவினால், ஒரே சீராக இருந்த பரப்பில் தானாகவே புள்ளிகளும் வரிகளும் தோன்றும் என்று 1952-இல் அவர் சமன்பாடுகளால் காட்டினார்.

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சான்யங் லீ, ஜோன் ரிட்ஸ்மையர், ரூபன் கிராஃப்ட் மூவரும் அந்தச் சமன்பாடுகளை எலிக்கருவின் மண்டைக்குப் பொருத்தி, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். தகடுகளை அவர்கள் கணினியில் வரையவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தார்கள். எலும்பு முளைக்கும் இடங்களும் நடுவே விடுபடும் இடைவெளிகளும் கணக்கிலிருந்தே எழுந்தன. எலி மண்டை மனித மண்டை ஆகாது என்பது உண்மைதான். ஆனால் குழந்தையின் கருவறை நாட்களை எட்டிப் பார்க்க இதுவும் ஒரு வழி.

பிறந்த பிறகு நடப்பதை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மெஹ்ரான் மோஸன் குழுவினர் கணக்கிடுகிறார்கள். மண்டையைச் சின்னஞ்சிறு கூறுகளாகப் பிரித்து, மூளை வளர்ந்து உள்ளிருந்து தள்ளுவதைக் கணக்கில் சேர்த்து, முதல் பன்னிரண்டு மாத வளர்ச்சியைக் கணினியில் ஓட்டிப் பார்த்து 2017-இல் வெளியிட்டனர்.

இதெல்லாம் எதற்கு? சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு, தகடுகளுக்கு இடையிலுள்ள ஏதாவது ஒரு பொருத்து முன்கூட்டியே இறுகிவிடுகிறது. இறுகிய கோட்டுக்குக் குறுக்கே வளர்ச்சி தடைபட, தலை வேறு திசையில் நீள்கிறது. இதை ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ 1851-லேயே சொல்லிவிட்டார். நடுவுச்சிக் கோடு இறுகினால் தலை தோணிபோல் முன்னும் பின்னும் நீளும். எந்த வயதில், எவ்வளவு எலும்பை வெட்டினால் எந்த வடிவம் வரும் என்பதை, கத்தி எடுக்கும் முன் கணினியில் சோதித்துப் பார்ப்பதே இந்த ஆய்வுகளின் இலக்கு.

ஒரே பக்கமாகப் படுப்பதால் வரும் தட்டைத்தலை வேறு. அது பெரும்பாலும் சரியாகிவிடும். இறுகிய பொருத்தையோ எண்ணெயும் உருவிவிடுவதும் இளக்காது. சிறு துளை வழியே செய்யும் அறுவைக்கு முதல் சில மாதங்களே தோது. பள்ளிவாசலிலிருந்து மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதே ஒருநாள் பாடு என்பதால் தாமதம் இங்கே எளிதில் நேர்ந்துவிடும். தடுப்பூசிக்குப் போகும்போது தலைச்சுற்றளவையும் டேப்பால் அளந்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். உச்சியில் மேடாக ஒரு வரப்பு கைக்குத் தட்டுப்பட்டால், அடுத்த ஊசிவரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.