அட்டவணையில் விடுபட்ட எண்

நெய்வேலி மாணவர்களுக்கு 'ஷிப்டு' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகலாக இயங்குபவை. ஆகவே 24 மணி நேரத்தை எட்டு எட்டு மணியாக மூன்று ஷிப்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாகவோ நான்காகவோ ஆறாகவோ பிரித்தாலும் மீதி வராது. நாளுக்கு 23 மணி நேரம் என்றிருந்தால்? 23 ஒரு பகா எண். ஷிப்டு போடுகிறவர் திண்டாடிப் போவார்!

24-க்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டுக் காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்ணை 'மிகு பகு எண்' என்று அழைப்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று இவ்வரிசை நீளும்.

இவ்வெண்களை ஆழமாக ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். நெய்வேலியும் திருக்கோவிலூரும் ஒருகாலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. கல்லூரித் தேர்வில் தோற்று, வேலையும் இல்லாதிருந்த இராமானுஜன் 1910-இல் தம் நோட்டுப் புத்தகத்துடன் திருக்கோவிலூர் சென்று, அங்கு டெபுடி கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் இவரே. 1915-இல் இராமானுஜனின் மிகு பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் 1916-இல் அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். போர்க்காலப் பண நெருக்கடியால் அச்சாகாமல் நின்ற கட்டுரைப் பகுதி 1997-இல் வெளியாயிற்று!

கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்களைக் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. அதன் கடைசி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டாம். பகா எண்களின் பெருக்கலாக எழுதுங்கள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்குங்கள். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று இறங்கி வருவதையும் கவனியுங்கள். சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைத் தந்தால்தானே எண் சிறியதாக நிற்கும்? எந்த மிகு பகு எண்ணிலும் அடுக்குகள் ஏறுவதில்லை.

இனிதான் வேடிக்கை. அந்தக் கடைசி எண்ணை, ஷிப்டுக்கு உதவாத நம் 23-ஆல் வகுத்தால் 293318625600 கிடைக்கும். 23 போய்விட்டதால் காரணிகள் பாதியாகி 5040. இதுவும் மிகு பகு எண்ணே. ஆனால் இராமானுஜனின் அட்டவணையில் இது இல்லை! இதற்கு முந்திய மிகு பகு எண் 195545750400. அதற்கு 4608 காரணிகள். அடுத்தது 321253732800, அதற்கு 5376. இரண்டுக்கும் நடுவே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. கணிப்பொறி இல்லாத நாளில் கையால் போட்ட பட்டியலில் நூற்றுக்கு மேல் சரியாக வந்து, ஒன்று மட்டும் நழுவியது என்பதே எனக்கு வியப்பு.

நீங்களும் ஒன்றைத் தேடிப் பாருங்கள். 840-க்கு 32 காரணிகள், 1680-க்கு 40. இரண்டும் மிகு பகு எண்கள். இவற்றுக்கு நடுவே இன்னும் ஒரே ஒரு மிகு பகு எண் ஒளிந்திருக்கிறது. அது எது?