குதிகால் வலியா? ஓட்டக்காரர் வைத்தியம் நமக்கும் உதவும்



"காலையில பாயை விட்டு எழுந்து முதல் அடி வெச்சா குதிகால்ல ஆணி குத்துற மாதிரி இருக்கு. பத்தடி நடந்தா தேவலை. சாயங்காலம் மறுபடியும் வந்துடுது." கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முழுக்க நின்று வேலை செய்யும் சகோதரிகள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். வாதம், வயசாயிடுச்சு என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் இதே வலி நீண்ட தூரம் ஓடும் இளம் வீரர்களுக்கும் வருகிறது. அவர்களுக்கு வயதா ஆகிவிட்டது?

ஏன் வருகிறது?

உள்ளங்காலில் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை கெட்டியான ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. வில்லுக்கு நாண் போல, பாதத்தின் வளைவைத் தாங்குவது இதுதான். ஓடுகிறவருக்கு ஒவ்வொரு அடியிலும் இது இழுபடுகிறது. நமக்கு, சிமெண்ட் தரையில் மணிக்கணக்காக நிற்பதால் இழுபடுகிறது. தேய்ந்த செருப்பு, கூடிய எடை, இறுகிய கெண்டைக்கால் சதை எல்லாம் இதை அதிகமாக்கும். நாளாக நாளாக, குதிகாலில் சேரும் இடத்தில் பட்டை நைந்துபோகிறது. இரவு ஓய்வில் இறுகிய பட்டை காலையில் திடீரென்று இழுபடுவதால்தான் முதல் அடி அவ்வளவு வலிக்கிறது.

எக்ஸ்ரேயில் "எலும்பு முள் வளர்ந்திருக்கு" என்றால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. ஆபரேஷனுக்கென்று அவசரப்பட்டுக் கடன் வாங்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

ஓட்டக்காரருக்கு மருத்துவர் முதலில் சொல்வது மூன்று: ஓட்டத்தைக் குறை, ஷூவை மாற்று, பயிற்சி செய். நமக்கும் அதேதான்.

பயிற்சி: காலையில் தரையில் கால் வைக்கும் முன்பே செய்ய வேண்டும். உட்கார்ந்து, வலிக்கிற காலை மறு தொடை மேல் போடுங்கள். கால் விரல்களைக் கையால் பிடித்து மேல்பக்கமாக வளைத்து இழுங்கள். உள்ளங்காலில் பட்டை விறைப்பது தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, தினம் மூன்று வேளை. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 8 வாரம் இதைச் செய்தவர்களுக்கு, கெண்டைக்கால் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

செருப்பு: மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள்ளும் போடுங்கள்.

ஐஸ்: துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் வைக்கக் கூடாது.

ஒரே வாரத்தில் போகாது, பொறுமை வேணும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகும் ஆபத்து உண்டு.

எப்போது மருத்துவமனைக்கு?

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், மரத்துப்போதல், இரவில் தூங்கவிடாத வலி, கீழே விழுந்தபின் வந்த வலி இருந்தால் தாமதிக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் காலில் சிறு புண் என்றாலும் காட்டுங்கள். கபடி, ஓட்டம் என்று விளையாடும் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது வேறு வலி. வளரும் குதிகால் எலும்பின் வலி. திட்டாமல், ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

உட்காரக் கேட்பது தப்பில்லை

நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கடைகளில் வேலை செய்பவர்களுக்காகத் தமிழ்நாடு 2021இல் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஒருத்தி கேட்டால் தயக்கமாக இருக்கும், சேர்ந்து கேட்போம். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே சிகிச்சை பெறலாம்.

கால் ஓய்ந்தால் கூலி போகும், தவணையும் தள்ளும். எனவே அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பு எழுதி முடித்ததும் பாயில் உட்கார்ந்தபடியே எல்லாரும் இந்தப் பயிற்சியைச் செய்து பார்ப்போம்.