ஊஞ்சலுக்கு ரிப்பன் கட்டிய கதை

தில்லியில் தை மாதக் கல்யாணம் என்றால் பூவுக்குத் திண்டாட்டம்தான். குளிரில் மல்லிகை அபூர்வம். கிடைத்தாலும் விலை கேட்டால் வியர்க்கும். குருத்தோலைத் தோரணத்துக்கோ வழியே இல்லை. மூத்தவள் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து ரயிலில் வரவழைத்த குருத்தோலை, இரண்டு நாள் பயணத்தில் துடைப்பத்துக்குத்தான் லாயக்காகி வந்து சேர்ந்தது. ரயில்வேக்காரன் வீட்டிலேயே இந்தக் கதி!

2023 தையில் இளையவளுக்கு முகூர்த்தம் குறித்தோம். அலங்காரக்காரர் ஊஞ்சலுக்குப் பிளாஸ்டிக் பூ கட்டுவதாகச் சொன்னார். என் மனைவி முகம் சுருங்கிவிட்டது. "பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ற இடம். நம்ம கை பட்டதா ஒண்ணாவது இருக்க வேண்டாமா?" என்றாள். அன்றே சாந்தினி சௌக் கினாரி பஜாருக்குப் புறப்பட்டோம். கல்யாண ஜரிகை, கோட்டா, ரிப்பன் எல்லாம் குவிந்து கிடக்கும் சந்து அது.

ரிப்பன் வாங்கும்போது பாலியெஸ்டர் சாட்டின்தானா என்று கேட்டு வாங்குங்கள். வெட்டிய முனை நூல் பிரியாமல் இருக்க, மெழுகுவத்திச் சுடரின் அடிப்பக்கத்தில், ஓரமாக ஒரு நொடி காட்டினால் இழை உருகி ஒட்டிக்கொள்ளும். சுடரின் நுனியில் காட்டினால் கரி படியும். எங்கள் முதல் பத்துத் துண்டுகள் அப்படித்தான் கறுத்தன. பருத்தி, பட்டு ரிப்பன் உருகாது, கருகும். குழந்தைகளை இந்த வேலையில் விடாதீர்கள்.

ரோஜா செய்வது எளிது. ஓர் அங்குல அகல ரிப்பனில் ஒரு கெஜம் எடுத்து, நடுவில் 'ட' மாதிரி மடியுங்கள். பிறகு சிறு வயதில் காகிதத்தில் பாம்பு மடிப்போமே, அதுபோல இரு பக்கத்தையும் மாற்றி மாற்றி ஒன்றின்மேல் ஒன்றாகக் கடைசிவரை மடியுங்கள். இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மடிப்பைத் தளர விட்டு, ஒரு நுனியை மட்டும் மெல்ல இழுத்தால் இதழ் இதழாகச் சுருண்டு பூவாகும். இழுப்பதை அந்த இடத்தில் நிறுத்தி, அடியில் இரண்டு தையல் போட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் இழுத்தால் எல்லாம் அவிழ்ந்து கையோடு வந்துவிடும். சீர்த் தட்டு இருபத்தொன்றுக்கும் இந்த ரோஜாதான் வைத்தோம். எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் தானே வந்து உட்கார்ந்து, பூ நடுவே கோட்டாத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

ஊஞ்சல் சங்கிலி என் பொறுப்பு. நான்கு சங்கிலி, ஒவ்வொன்றும் 7 அடி. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியதும் சுற்றளவு 5 அங்குலம். ரிப்பன் அகலம் 2 அங்குலம். 84ஐ 5ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 210 அங்குலம், அதாவது பதினேழரை அடி. நான்குக்கு 70 அடி. பெருமையோடு கணக்காக வாங்கி வந்தேன்.

முதல் நாள் இரவு மண்டபத்தில் சுற்றினால், மூன்று சங்கிலியோடு ரிப்பன் தீர்ந்துபோயிற்று! ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று அரை அங்குலம் ஏற வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். நிஜ அகலம் ஒன்றரை அங்குலம்தான். ஒரு சங்கிலிக்கு 23 அடிக்குமேல் வேண்டும். "ஏங்க, வருஷக்கணக்கா தண்டவாளத்துக்கு இடைவெளி விட்டீங்க. ரிப்பனுக்கு ஒரு அரை அங்குலம் விடத் தெரியலையா?" என்று மனைவி கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை கடை திறக்குமுன் முகூர்த்தம். கடை திறந்தாலும் அதே சாயம் கிடைப்பது சந்தேகம்.

கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்த மகள்தான் வழி சொன்னாள். "அப்பா, எல்லாத்தையும் அவிழ்த்துடுங்க. நாலுலயும் கீழேயிருந்து ஒரே உயரத்துக்குச் சுற்றுங்க. மேலே மாவிலை கட்டிடலாம்." கணக்குப் போட்டேன்: ஒவ்வொன்றிலும் ஐந்தேகால் அடி வரும். இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து மறுபடி சுற்றினோம். காலையில் பார்த்தவர்கள், வேண்டுமென்றே அப்படிச் செய்ததாக நினைத்துப் பாராட்டினார்கள். பெண்கள் ஊஞ்சல் பாட்டுப் பாட, அவள் அந்தச் சங்கிலியைப் பிடித்தபடி ஆடியபோது நான் சற்றுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த ரிப்பனைச் சுருட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். சங்கத்துக் குடும்பங்களில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்து எடுத்துப் போகலாம். மாவிலையை மட்டும் மறக்க வேண்டாம். ரிப்பன் இன்னும் 70 அடிதான்!