கரையேறிய கப்பல்கள்

கோவைக்குக் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வாளையாறு தாண்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சிப் பக்கம் போக வேண்டும். ஆனாலும் நகரின் ரெட்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறது. கடற்படை மாலுமிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி தரும் வளாகம் அது. நிற்பதோ செம்மண்ணில், பெயருக்கு முன்னால் போர்க்கப்பலுக்குரிய அடைமொழி.

இந்த வழக்கம் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்தது. 1950களின் இறுதிவரை அங்கே ஏதாவதொரு கப்பலின் பேரேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவன் மேல் கடற்படைச் சட்டம் செல்லும். அதனால் கரையில் கட்டிய ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு கப்பல் பெயர் வைத்தார்கள். துறைமுக மூலையில் கட்டிக்கிடக்கும் சின்னப் படகுகூடச் சட்டத்தின் கண்ணில் ‘கப்பல்’ ஆகி, ஆயிரக்கணக்கானவர்களைத் தன் பேரேட்டில் சுமந்தது.

கரையில் முகாம் வேண்டும் என்ற எண்ணமே விக்டோரியா காலத்தின் பிற்பகுதியில்தான் வந்தது. அதற்கு முன்பு பயணம் முடிந்ததும் மாலுமிக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். 1853-ல் நிரந்தரப் பணிமுறை வந்தது. அடுத்த கப்பல் கிடைக்கும்வரை ஆட்களை எங்கே தங்க வைப்பது? பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களில் அடைத்துவைத்தார்கள். ஈரமும் நோயும் மண்டிய அந்த வாழ்க்கைக்கு மாற்றாக, 1880களில் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் கடற்படைப் படைவீடு எழுந்தது. 1897-ல் சாத்தம் நகரில் அடுத்தது தொடங்கி, 1903-ல் திறக்கப்பட்டது. எச்.எம்.எஸ். பெம்ப்ரோக் என்று பெயர்.

சாத்தம் கட்டடங்களை வடிவமைத்தவர் ராணுவப் பொறியாளர் ஹென்றி பில்கிங்டன். செங்கல் சுவர், விளிம்புகளில் வெளிர் கல், நீள நீளமான கூடங்கள், வரிசையாக உயரமான ஜன்னல்கள். கரைக்கு வந்த பிறகும் மாலுமி தூங்கியது தொங்கும் தூளியில்தான். இந்தப் படைவீடு நிற்கும் இடத்தின் பழைய கதை என்னை அதிகம் உறுத்துகிறது. அங்கே இருந்தது ஒரு கைதிகள் சிறை. பக்கத்துக் கப்பல்கட்டும் தளத்தை விரிவாக்க அந்தக் கைதிகள்தான் மண் வெட்டினார்கள், செங்கல் அறுத்தார்கள். வேலை முடிந்ததும் சிறை மூடப்பட்டது. அதை இடித்த இடத்தில் மாலுமிகளுக்கு வீடு கட்டினார்கள்.

வளாகத்தின் அணிவகுப்புக் கூடம் பிரம்மாண்டமானது. நீண்ட கூரை, அதில் கண்ணாடி. 1917-ல் படைவீட்டில் இடம் போதாமல் நூற்றுக்கணக்கானோரை அந்தக் கூடத்தில் படுக்கவைத்திருந்தார்கள். செப்டம்பர் 3 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. வெளிச்சம் வருவதற்கென்று போட்ட கண்ணாடியே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சில்லுச் சில்லாக இறங்கியது. 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1984-ல் கடற்படை அங்கிருந்து வெளியேறியது. கூடத்தை யாரும் இடிக்கவில்லை. இன்று அது பல்கலைக்கழக நூலகம்.

கோவைக்கு இந்தக் கரைக்கப்பல்கள் வந்தது இரண்டாம் உலகப்போரில். 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு ஊர்களுக்குக் கிளம்பிய மாதம் அது. கரையோரம் எதுவும் பத்திரமில்லை என்ற நிலையில், பீளமேட்டு விமானத்தளத்தில் அந்த அக்டோபரில் கடற்படை விமானங்களுக்கான பழுதுபார்ப்புத் தளம் அமைந்தது: எச்.எம்.எஸ். கருடா. 1945-ல் சூலூரில் எச்.எம்.எஸ். வைரி. கடற்படையின் விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். சூலூருக்கு வாய்த்தது நம் வேட்டைப் பறவை ஒன்றின் பெயர்.

இடம் நல்ல இடம்தான். போத்தனூர் வழியே கொச்சித் துறைமுகத்துக்கு ரயில் பாதை இருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகளும் பட்டறைகளும் பெருகியிருந்தன. இரும்பை உருக்கவும் கடையவும் பழகிய ஊர் இது.

1946-ல் இரண்டு தளங்களும் மூடப்பட்டன. கருடா என்ற பெயர் 1953-ல் கொச்சிக் கடற்படை விமானத்தளத்துக்குப் போனது. சூலூரில் 1961 செப்டம்பரில் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா தொடங்கி, 1964-ல் கோவாவுக்கு இடம் மாறியது. இப்போது சூலூரில் விமானப்படையின் தேஜஸ் பறக்கிறது. பீளமேடு பயணிகள் விமான நிலையம். பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்குக் கருடா தெரியும்? போர்க்காலத்தில் அவசரத்துக்குக் கட்டிய கொட்டகைகள் நிலைக்காமல் போவது இயல்பு. நினைவும் அவற்றோடு போயிருக்க வேண்டியதில்லை.

கோவையில் கடலின் கதையைச் சுமக்கும் விக்டோரியா காலக் கட்டடம் ஒன்று உண்டு. காந்திபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மத்தியச் சிறை, 1872-ல் வந்தது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கப்பல்களோடு போட்டியிட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு 1908-ல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்து, இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். மாடு சுற்ற வேண்டிய செக்கை அவர் இழுத்தார். செக்கு என்றால் என்னவென்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உரலில் உலக்கை அழுந்த, நுகத்தடியில் தோள் கொடுத்து, வெயிலில் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். கப்பல் விட்டவரின் காலடியை ஒரு சிறு வட்டத்துக்குள் கட்டிப்போட்ட தண்டனை அது. அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது.

சாத்தமும் கோவையும் எனக்கு ஒரே வரிசையில் வருவது இதனால்தான். கடலை ஆண்ட அரசு ஓரிடத்தில் சிறையை இடித்து மாலுமிக்கு வீடு கட்டியது. இன்னோரிடத்தில் கப்பல் முதலாளியையே சிறைக்குள் தள்ளியது. நம் ஊரின் கடல் வரலாற்றில் முதல் இடம் கருடாவுக்கு அல்ல, இந்தச் சுவர்களுக்குத்தான் என்பேன்.

அந்தச் சுவர்களுக்கு இப்போது முடிவு சொல்லும் நேரம் வந்திருக்கிறது. சிறை நிலத்தின் ஒரு பகுதியில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. சிறை பிளிச்சிக்கு மாறவிருக்கிறது. நகரின் நடுவில் இவ்வளவு நிலம் காலியாகும்போது வணிக வளாகம், வாகன நிறுத்தம் என்று யோசனைகள் வரிசைகட்டும். அதற்கு முன்பே ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து, படம் எடுத்து, எவை நிற்க வேண்டும் என்பதை அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பழைய கூடம் ஒன்றை நூலகமாக்கலாம். மேலே வெளிச்சம், கீழே புத்தகம் என்று சாத்தம் அதைச் செய்தே காட்டியிருக்கிறது. பீளமேட்டு, சூலூர்த் தளங்களின் வரைபடங்களையும் படங்களையும் தேடிக் கொண்டுவந்து ஓர் அறையில் வைக்கலாம். கிண்டியிலிருக்கும் செக்கையும் கோவைக்குக் கேட்க வேண்டும்.