எங்கள் வீட்டுத் தரை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

என் தந்தையார் தரை போடும் தொழிலாளி. சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்டவர். எனினும் கனகம்மாசத்திரத்தில் உள்ள எங்கள் வீட்டின் தரை சென்ற ஆண்டுவரை சாணம் மெழுகிய மண்தரைதான். தை மாதத்தில் கொஞ்சம் பணம் சேரவே, என்ன தரை போடுவது என்ற வழக்கு வீட்டில் எழுந்தது.

'லேமினேட்' என்றார் அண்ணன். பார்ப்பதற்குத் தேக்குப் பலகை போலவே இருக்கும். ஆனால் பலகை அன்று. மரநாரைப் பிசினோடு கலந்து சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய அட்டை அது. அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள். அதற்கும் மேலே மெலமின் பிசினும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்த தெளிந்த பூச்சு. நாம் மிதிப்பது தேக்கை அன்று, தேக்கின் நிழற்படத்தை! 1970களின் இறுதியில் ஸ்வீடனில் தோன்றியது. எளிதில் கீறல் விழாது, காலில் குளிர் ஏறாது. குளிர்நாட்டார்க்கு நல்ல தரைதான்.

அப்பா, வேலை முடிந்த ஓரிடத்திலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்தார். அதை இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் ஓரங்கள் பூரி போல உப்பியிருந்தன. மேற்பூச்சு நீரை உள்ளே விடாது. வெட்டிய ஓரத்திற்கோ காவல் இல்லை. நீர் குடித்துப் பருத்த மரநார் உலர்ந்தாலும் பழைய கனத்திற்குத் திரும்பாது. ஆகவே அத்தரையை நன்கு பிழிந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். ஈரக் காற்றில் பலகை விரிவதால், சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடம் விட்டே பதிக்க வேண்டும். இடம் விடாத தரை நடுவில் கூரை போல எழும்பிவிடும் என்பது அப்பாவின் அனுபவம். வெள்ளிதோறும் குடம் குடமாக ஊற்றி வீடு கழுவும் என் தாயாரிடம் பிழிந்த துணியைப் பற்றி யார் சொல்வது?

முடிவில் கடப்பா கல் வந்தது. ஆந்திர எல்லைக்கு அப்பால், கடப்பை, கர்நூல் பகுதிக் குவாரிகளில் பலகை பலகையாகப் பெயர்த்தெடுக்கும் கறுப்புச் சுண்ணாம்புக் கல். தண்ணீருக்கு அஞ்சாது. பாட்டி வழுக்கி விழக்கூடாதென்று குளியலறைப் பக்கம் மட்டும் மெருகிடாத கல்லைப் பதித்தோம்.

இங்கேதான் வேதியியல் மாணவனாகிய நான் தவறிழைத்தேன். கல்லில் சிந்தியிருந்த சிமெண்ட் கறையைப் போக்கக் கழிப்பறை ஆசிட்டை ஊற்றினேன். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்தால் கரியமில வாயு வெளிவரும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான்! நுரை பொங்கியது. கறையோடு கல்லின் மெருகும் போயிற்று. வாசற்படியருகே ஒரு முழ அகலத்திற்குச் சாம்பல் நிறத் தழும்பு.

அப்பா ஏசவில்லை. "ஏம்பா, இதெல்லாம் உங்க புஸ்தகத்துல இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மோர் எது சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும், அவையும் அமிலங்களே. கழுவச் சாதாரண சோப்புத் தண்ணீர் போதும். மணல் இருந்தால் முதலில் பெருக்க வேண்டும், இல்லையேல் காலடியில் அதுவே உப்புத்தாளாகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே உட்கார்ந்து அந்த இடத்தை உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவினார். கழுவிய ஈரம் இருக்கும்வரை தழும்பு தெரிவதில்லை, காய்ந்ததும் தெரிகிறது.